ஒட்டிய தாளும் ஒட்டாத பூச்சும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள் பெரியவர்கள். வணிகர்களாகிய நமக்கோ, சுவர் நன்றாக இருந்தால்தான் சரக்கு நன்றாக இருக்கும். கொள்முதல் விலையைப் பார்க்கிறோம், எடையைப் பார்க்கிறோம், வரவு செலவு சிட்டையைப் பார்க்கிறோம். மூட்டைக்குப் பின்னால் நிற்கும் சுவரை மட்டும் பார்ப்பதில்லை. அது தானாக நம்மைக் கூப்பிடும் வரை விட்டுவிடுகிறோம். அப்படிக் கூப்பிட்ட ஒரு சுவரின் கதையையும், அதனால் நாங்கள் கற்றுக்கொண்டதையும் சங்க அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

சுவரொட்டி என்றால் முன்பெல்லாம் நமக்குத் தேர்தல் சுவரொட்டிதான். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில் துத்தம் கலந்து, இரவோடு இரவாக ஒட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாகக் கடைக்கு உள்ளேயும் சுவரில் தாள் ஒட்டும் பழக்கம் வந்துவிட்டது. வால்பேப்பர் என்கிறார்கள். அதிலும் செங்கல் அடுக்கியது போல, கருங்கல் பாவியது போல, மரப்பலகை அடித்தது போல மேடு பள்ளமாக இருக்கும் தாளுக்குத்தான் மவுசு. ஒட்டும் அன்று அழகுதான். உரிக்கும் அன்றுதான் அதன் குணம் தெரியும்.

மேடு பள்ளத் தாளின் பிறப்பு

இது புதிய சரக்கு அல்ல. மரத்தூளையும் மரச் சீவலையும் தாளுக்குள் வைத்துச் செய்யும் சொரசொரப்பான தாளை 1864-இல் ஜெர்மனியில் ஹ்யூகோ எர்ஃபுர்ட் என்பவர் உருவாக்கினார். முதலில் அது கடைகளின் காட்சிக் கண்ணாடிக்குள் அலங்காரமாகத்தான் பயன்பட்டதாம். இங்கிலாந்தில் 1877-இல் பிரெடெரிக் வால்டன் என்பவர் 'லின்க்ரஸ்டா' என்ற புடைப்புச் சுவர் உறையைக் கொண்டுவந்தார். தரையில் விரிக்கும் லினோலியத்தைக் கண்டுபிடித்தவரும் இவர்தான். இரண்டுக்கும் மூலப்பொருள் ஆளி விதை எண்ணெய். நம்மைப் போன்ற எண்ணெய் வித்து வியாபாரிகளுக்கு இது சுவையான செய்தி. 1887-இல் 'அனாக்லிப்டா' என்ற இலேசான காகிதப் புடைப்புத் தாள் வந்தது. இவையெல்லாம் குளிர் நாட்டு வீடுகளுக்காகப் பிறந்தவை. இன்று நம் கடைத்தெருவில் விற்பவை பெரும்பாலும் பிளாஸ்டிக் மேல்தோல் போட்ட தாள்களும், பின்புறம் பசை தடவிய நுரை அட்டைகளும்தான்.

பிளாஸ்டிக் தோல் ஈரத்தை வெளியே விடாது. கடலோரக் காற்றும் வடகிழக்குப் பருவமழையும் உள்ள நம் மாவட்டத்தில் சுவர் ஈரம் குடிக்காமல் இருக்காது. குடித்த ஈரம் வெளியேற வழியில்லாவிட்டால் தாளுக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். கரப்பானும் அந்துப்பூச்சியும் அங்கே குடித்தனம் நடத்தும். மேலே பார்த்தால் எல்லாம் பளபளவென்று இருக்கும்.

எங்கள் மண்டியில் நடந்தது

விழுப்புரத்தில் எங்கள் மண்டியின் முன்னறையில், 2016-இல், பிள்ளைகளின் விருப்பத்துக்காகச் செங்கல் உருவம் புடைத்த தாளை ஒட்டினோம். செங்கல் சுவரின் மேல் சிமெண்ட் பூசி, அதன் மேல் எனாமல் அடித்து, அதன் மேல் செங்கல் படம் ஒட்டிய புத்திசாலித்தனத்தை இப்போது நினைத்தால் எங்களுக்கே சிரிப்பு வருகிறது.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டி மீட்டர் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரை புரண்டது. அரசூர் அருகே தேசிய நெடுஞ்சாலையே மூழ்கியதை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. திண்டிவனம், விழுப்புரம் பகுதி வணிகர்கள் பலர் மூட்டை மூட்டையாகச் சரக்கை இழந்தார்கள். எங்கள் முன்னறையில் முழங்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது.

தண்ணீர் வடிந்ததும் சரக்கை மாற்றினோம், கணக்கைச் சரி பார்த்தோம். பொங்கல் வியாபாரத்துக்கு முன்னால் கடை திறந்தாக வேண்டும் என்ற அவசரம். கொத்தனார் ஒருவர் வந்தார். தாளின் மேல்தோலை உரித்தார். அது எளிதாக வந்துவிட்டது. அடியில் இருந்த காகிதமும் பசையும் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தன. "இதைச் சுரண்டினால் நாலு நாள் ஆகும். மேலேயே பூசிவிடலாமா?" என்று கேட்டார். சரி என்று தலையாட்டியவர்கள் நாங்கள்தான். ஆகவே அவரைக் குறை சொல்ல மாட்டோம்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு நாள் இரவு, ஆறடி நீளத்துக்குப் பூச்சு ஒரே பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. துவரம் பருப்பு மூட்டைகள் சில கிழிந்தன. பருப்போடு சிமெண்ட் தூள் கலந்துவிட்டது. அதை விற்க மனம் வரவில்லை, ஒதுக்கிவிட்டோம். அந்த நட்டம் பெரிதில்லை. எங்களிடம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர், மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்தச் சுவர் ஓரத்தில்தான் துண்டை விரித்துத் தலை சாய்ப்பார். இரவில் விழுந்தது பகலில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்று முழுவதும் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் விழுந்தது?

பிறகு, மண்டகப்பட்டு பக்கத்திலிருந்து வயதான மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தோம். விழுந்த பலகையைத் திருப்பிக் காட்டினார். அதன் முதுகில் காகிதம் அப்படியே இருந்தது. "முதலாளி, பூச்சு சுவரைப் பிடிக்கவில்லை, தாளைப் பிடித்திருக்கிறது. தாளைப் பிடித்திருந்தது பசை. பசையைப் பிடித்திருந்தது எனாமல். இதில் யார் கையை விட்டாலும் எல்லாம் கீழேதான்" என்றார்.

கலவையில் உள்ள தண்ணீரைக் காகிதம் குடித்து ஊதுகிறது. பசை இளகுகிறது. கலவை இறுகும்போது சுருங்கி இழுக்கிறது. காகிதம் காய்ந்து விட்டுக்கொடுக்கிறது. வடாம் காய்ந்ததும் துணியிலிருந்து கிளம்பி வருவது போலத்தான். பூச்சின் பலம் கலவையில் மட்டும் இல்லை, அது பிடித்துக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது.

அந்த மேஸ்திரி தன் ஊர்க் குடைவரையைப் பற்றியும் சொன்னார். நம் பக்கத்திலேயே இருந்தும் நம்மில் பலர் அதைப் போய்ப் பார்த்ததில்லை. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து, பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் ஒரு கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இவை எதுவும் இல்லாமல் விசித்திரசித்தன் இதை உருவாக்கினான் என்று அங்கே கிரந்த எழுத்தில் வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. விசித்திரசித்தன் என்பது அம்மன்னனின் பட்டப்பெயர். கோயிலுக்கு லக்ஷிதாயதனம் என்று பெயர். செங்கல் அரியும், மரம் செல்லரிக்கும், உலோகம் துருப்பிடிக்கும், சுண்ணாம்பு உதிரும். எதெல்லாம் அழியுமோ அதையெல்லாம் விலக்கிவிட்டுக் கல்லையே நம்பினான் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. "ராஜாவுக்குப் பாறை இருந்தது. நமக்குச் செங்கல்லும் கலவையும்தான். அப்படியானால் ஒட்டுவது ஒட்டும்படி செய்ய வேண்டாமா?" என்றார் மேஸ்திரி. அவர் சொல்லிக் கொடுத்த முறையைத்தான் கீழே எழுதுகிறோம்.

முதலில் தட்டிப் பாருங்கள்

தாளை உரிக்கத் தொடங்கும் முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும். தாளுக்கு அடியில் இருக்கும் பழைய பூச்சு நிற்குமா, நிற்காதா? தேங்காயைத் தட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்லும் நமக்கு இது கடினம் அல்ல. சிறு மரக்கட்டையால் சுவர் முழுவதும் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் பூச்சு சுவரைப் பிடித்திருக்கிறது. பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. அந்த இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள்.

சுவரின் பெரும்பகுதி பொத்தென்று கேட்டாலோ, உப்பு பூத்துப் பொரிந்திருந்தாலோ, தாளை நனைத்துச் சுரண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். தாளோடு சேர்த்துப் பூச்சையே செங்கல் தெரியக் கொத்தி எடுத்துவிடுவதுதான் சிக்கனம். பூச்சு கெட்டியாக இருந்தால் மட்டும் தாளைப் பொறுமையாக உரிக்க வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. தாள் உரித்த ஓர் இடத்தில் ஓரடிக்கு ஓரடி பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு பக்கமும் ஒட்டு நாடாவால் மூடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கின் உட்புறம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. மாடித் தரை ஒழுகுகிறதா, குழாய் கசிகிறதா, அடியிலிருந்து ஊறுகிறதா என்று கண்டுபிடித்து அதை முதலில் நிறுத்துங்கள். ஈரத்தை நிறுத்தாமல் பூசுவது ஓட்டைச் சாக்கில் சரக்குக் கொட்டுவது போல.

உரிக்கும் முறை

அறையில் உள்ள சரக்கு முழுவதையும் வெளியேற்ற வேண்டும். மேலே தார்ப்பாய் போட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. தண்ணீர் பயன்படுத்தப் போவதால் அந்த அறையின் மின் இணைப்பை மெயினில் நிறுத்திவிட வேண்டும்.

பிளாஸ்டிக் மேல்தோல் தாள் என்றால், இணைப்பு ஓரத்தில் கத்தி முனையால் கிளப்பி, சுவரை ஒட்டினாற்போலக் கீழ்நோக்கி மெதுவாக இழுத்தால் மேல்தோல் மட்டும் வரும். அடியில் நிற்கும் காகிதத்தின் மேல், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு கலந்த வெந்நீரை மருந்தடிக்கும் தெளிப்பானால் அடித்து, கால் மணி முதல் இருபது நிமிடம் ஊற விட வேண்டும். காய்வதற்குள் இன்னொரு முறை அடிக்க வேண்டும். பிறகு அகலமான பட்டித் தகட்டைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினால் சுருள் சுருளாக வரும். வராவிட்டால் பலம் காட்டாமல் மறுபடி ஊற விடுங்கள். வேலையைச் செய்வது தண்ணீர். தகடு அள்ளுவதற்கு மட்டும்தான். ஒரு நேரத்தில் நாலடி அகலத்துக்கு மேல் நனைக்கக் கூடாது.

தாளின் மேலேயே சிலர் எனாமல் அடித்திருப்பார்கள். பிடிவாதம் பிடிப்பதில் இதுதான் முதல். தண்ணீர் உள்ளே போகாது. முரட்டு உப்புத்தாளால் தேய்த்தோ, கத்தியால் மேலாகக் கீறியோ வழி உண்டாக்கிவிட்டுத்தான் நனைக்க வேண்டும். பூச்சு வரை ஆழக் கீறக் கூடாது. நீராவி அடிக்கும் கருவி கிடைத்தால் வேலை பாதியாகும்.

பின்புறம் பசை தடவிய நுரை அட்டைக்குத் தண்ணீர் பயன்படாது. முடி உலர்த்தும் கருவியின் சூட்டில் பசை இளகும். இளக இளக உரிக்க வேண்டும். மிஞ்சும் பிசினை டர்பன்டைன் நனைத்த துணியால் துடைக்கலாம். ஆனால் அது தீப்பிடிக்கும் பொருள். சன்னல் கதவு திறந்திருக்க வேண்டும். பீடி, தீக்குச்சி, சூட்டுக் கருவி எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

பழைய பெயிண்டைச் சுரண்டும்போது ஓர் எச்சரிக்கை. வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் இருக்கலாம். உணவுப் பொருள் வைக்கும் இடத்தில் அந்தத் தூசி பறக்கலாமா? உலர்ந்த நிலையில் தேய்க்காமல் ஈரமாக்கியே சுரண்ட வேண்டும். தொழிலாளிக்கு முகக் கவசம் கொடுக்க வேண்டும். குப்பையைக் கூட்டி மூட்டை கட்டி அப்புறப்படுத்தி, தரையை ஈரத் துணியால் துடைத்த பிறகே சரக்கு உள்ளே வரலாம்.

பசை போனதா? சுவரே சொல்லும்

தாள் போனதும் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பசைப் படலம் நிற்கும். வெந்நீரும் துணியுமாக இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். மாவுப் பசை மிச்சமிருக்கிறதா என்று அறிய, மருந்துக் கடையில் விற்கும் அயோடின் மருந்தைத் தண்ணீரில் கலந்து ஒரு சொட்டு வையுங்கள். நீலம் கறுத்தால் மாவு இருக்கிறது. செயற்கைப் பசையை இது காட்டாது. அதற்குத் தண்ணீர்ச் சோதனை: சுவரில் கையால் தண்ணீர் தெளியுங்கள். சுவர் உறிஞ்சினால் நல்லது. முத்து முத்தாக நின்று வழிந்தால் பசையோ எனாமலோ இன்னும் இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் கலவை பிடிக்காது. அங்கே சிற்றுளியால் நெருக்கமாகக் கொத்திவிட்டுத்தான் பூச வேண்டும்.

மேலடுக்கை உரிப்பது ஒரு கலை என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலே சாட்சி. கருவறையைச் சுற்றியுள்ள இருட்டு அறையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னாளில் தொல்லியல் துறை வேதியியலார் மேலே இருந்த ஓவியத்தைச் சிதைக்காமல் தனி ஏடாகப் பிரித்து, கண்ணாடி இழைப் பலகைகளில் பொருத்தினார்கள். இரண்டு ஓவியமும் பிழைத்தன. அவர்கள் பொறுமையில் நூறில் ஒரு பங்கு நமக்கு இருந்தால் கடைச் சுவர் பிழைக்கும்.

பூசும்போது

செங்கல் தெரியக் கொத்திய சுவரில் இணைப்புச் சந்துகளை அரை அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டி, தென்னந்துடைப்பத்தால் தூசி தட்டி, முதல் நாளே தண்ணீர் அடித்து வைக்க வேண்டும். உட்சுவருக்கு ஒன்றுக்கு ஐந்து கலவை, அரை அங்குலக் கனம் போதும். பத்தடிக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம் என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 400 சதுர அடி. இதற்கு மூன்றரை முதல் நான்கு மூட்டை சிமெண்டும், 20 கன அடிக்குச் சற்று மேல் மணலும் பிடிக்கும். கணக்கு கேட்கும்போது இது கையில் இருக்கட்டும். பூசிய மறுநாள் தொடங்கி ஏழு நாள் நனைக்க வேண்டும். பட்டியும் பெயிண்டும் நான்கு வாரம் பொறுத்துத்தான்.

பழைய சுண்ணாம்புக் கட்டடங்களில் கடை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் பொருத்தம். அது ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். ஊற வைத்த கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்த காலம் உண்டு. இரண்டும் நம் கடைச் சரக்குகளே! பக்கத்துப் பனமலைக் கோயிலில் ராஜசிம்ம பல்லவன் காலத்து அம்மன் ஓவியம் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சுண்ணாம்புப் பூச்சின் மேல்தான் நிற்கிறது.

சட்டமும் கேட்கிறது

2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிமம் மற்றும் பதிவு ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணை, தரை, கூரை, சுவர் ஆகியவை நல்ல நிலையில், வழவழப்பாக, சுத்தம் செய்ய எளிதாக, பெயிண்டோ பூச்சோ உதிராமல் இருக்க வேண்டும் என்கிறது. மேடு பள்ளத் தாளின் ஒவ்வொரு பள்ளத்திலும் மாவுத் தூசி தங்கும். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குப் பயந்து மட்டும் அல்ல, நம்மிடம் வாங்கிச் சாப்பிடும் குடும்பங்களை எண்ணியும் இதைச் செய்ய வேண்டும். எங்கள் முன்னறையில் இப்போது வெறும் பூச்சும் வெள்ளையும்தான். மூட்டைகள் மரச் சட்டங்களின் மேல், சுவரை விட்டு இரண்டடி தள்ளி நிற்கின்றன. சுவரை நாலு பக்கமும் பார்க்க முடிகிறது.

அவசரத்தில் இரண்டு நாளில் முடித்த வேலை ஐந்து வாரத்தில் விழுந்தது. அடுத்த முறை உரிக்கவும் கழுவவும் மட்டுமே ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் கல்லாவில் வரவு குறைவுதான். ஆனால் இரண்டாவது கூலியும், ஒதுக்கிய பருப்பும், முதலிலேயே பொறுத்திருந்தால் மிச்சமாகியிருக்கும். பதறாத காரியம் சிதறாது என்பது வியாபாரத்துக்கு மட்டும் அல்ல, சுவருக்கும் பொருந்தும்.

மூட்டை தூக்கும் அந்த நண்பர் இப்போதும் மதியம் அதே சுவர் ஓரத்தில்தான் துண்டை விரிக்கிறார். படுக்கும் முன் ஒருமுறை விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்க்கிறார். அன்பர்களே, நீங்களும் இன்று மாலை கடை எடுத்து வைக்கும் முன் உங்கள் சுவரை ஒருமுறை தட்டிப் பாருங்கள்.